இணைப்பு ஏன் வரவில்லை? கணினியே சொல்லும்

தொலைபேசி வழியாக இணையத்தில் நுழையும்போது மோடெம் கீச்சிடுவதைக் கேட்டிருப்பீர்கள். சிலவேளை சத்தம் ஓய்ந்த பின்பும் இணைப்புக் கிடைப்பதில்லை. மீண்டும் டயல் செய்கிறோம். மறுமுனை அழைப்பை ஏற்ற ஒவ்வொரு தடவையும் கட்டணம் ஏறுகிறது. மாத முடிவில் பில்லைப் பார்க்கும் வாப்பாவுக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

எங்கள் வீட்டுக் கணினியில் இயங்குவது யுனிக்ஸ் வழிவந்த லினக்ஸ். காரணத்தை ஊகிப்பதைவிடக் கணினியையே எழுதச் சொல்லிப் படிப்பது மேல் என்பதை அதில் கண்டேன். அந்த முறையை இங்கு விளக்குகிறேன்.

யுனிக்ஸ் கணினியில் செய்திகளைச் சேகரித்துப் பதிவது 'சிஸ்லாக்' என்னும் சேவை. 1980களில் எரிக் ஆல்மன் இதனை உருவாக்கினார். ஒவ்வொரு செய்திக்கும் இரு அடையாளங்கள் உண்டு: எப்பிரிவிலிருந்து வந்தது, எவ்வளவு முக்கியமானது. முக்கியத்துவத்தில் 8 படிகள். கடைசிப் படி 'டிபக்'. நுணுக்கமான விபரங்கள் அதில் வரும். வழக்கமாக அவை பதியப்படுவதில்லை. நமக்குத் தேவையானவையோ அவைதாம்.

இணைப்பை நடத்தும் நிரல் 'பிபிபிடி'. அதன் 'ஒப்ஷன்ஸ்' கோப்பில் 'டிபக்' என்ற ஒரு சொல்லைத் தனி வரியாகச் சேர்க்க வேண்டும். அடுத்து, சிஸ்லாக்கின் அமைப்புக் கோப்பில் 'டீமன்.டிபக்' என்று எழுதி, அதே வரியில் பதிவு சேரவேண்டிய கோப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும். பழைய சிஸ்லாக் இவ்விரண்டுக்கும் நடுவே டாப் விசையின் இடைவெளியையே ஏற்கும். எண்ணைச் சுழற்றும் 'சாட்' நிரலின் செய்திகள் 'லோக்கல்2' என்ற வேறு பிரிவில் வருவதால் அதற்கும் ஒரு வரி தேவை. பின்னர் பதிவுக் கோப்பை வெறுமையாக உருவாக்கி, சிஸ்லாக் தன் அமைப்பை மீண்டும் வாசிக்கும்படி 'ஹப்' சமிக்ஞை அனுப்பினால் போதும்.

இனி ஒரேயொரு தடவை டயல் செய்து, பதிவை மேலிருந்து கீழாகப் படியுங்கள். 'பிஸி' என்றிருந்தால் மறுமுனை இலக்கம் வேலையாக உள்ளது. சற்றுப் பொறுத்து முயலலாம். 'நோ கேரியர்' என்றால் இரு மோடெம்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளவில்லை. தொலைபேசிக் கம்பியைப் பாருங்கள். 'கனெக்ட்' வந்தபின் நமது கோரிக்கைகள் மட்டும் திரும்பத் திரும்பப் போய், பதிலே இல்லாவிட்டால், மறுமுனை இன்னும் பயனர் பெயரைக் கேட்டுக் காத்திருக்கக்கூடும். கடவுச்சொல் நிராகரிக்கப்பட்டது என்றால், நூறு தடவை டயல் செய்தாலும் பயனில்லை. அதைத் திருத்துவதே வழி.

ஓர் எச்சரிக்கை. விரிவாகப் பதியும்படி கேட்டால், 'சாட்' தான் அனுப்பிய கடவுச்சொல்லையும் எழுதிவிடும். அதை மறைக்க, கடவுச்சொல்லின் முன் பின்சாய்கோடும் 'கியூ' எழுத்தும் இடலாம். பதிவுக் கோப்பை நிர்வாகி மட்டும் படிக்கும்படி பூட்டிவையுங்கள். பழுது தீர்ந்ததும் 'டிபக்'கை நீக்கிவிடுங்கள். இல்லையேல் கோப்பு வளர்ந்துகொண்டே போகும்.

சேவை வழங்குநரிடம் "இணைப்பு வரவில்லை" என்று மட்டும் முறையிட்டால் அவரும் ஊகித்தே பதில் சொல்வார். எந்த வரியில் நின்றது என்று வாசித்துக் காட்டினால் பேச்சு அங்கிருந்தே தொடங்கும். இதற்குப் பெரிய கணினி அறிவு வேண்டாம், தங்கைமாரே; பொறுமையாக வாசிக்கத் தெரிந்தால் போதும்.