கார் கதவுக்குள் ஒரு குடை!

மழை கொட்டுகிறது. பழைய கார் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே ஒரு குடும்பம். பாட்டு ஒலிக்கிறது.

திடீரென்று "கர்... கர்..." என்று ஒரு சத்தம். இடது பக்கக் கதவில் இருந்த ஸ்பீக்கர் கம்முகிறது. பிறகு வாயை மூடிக்கொள்கிறது.

"அப்பா, என் பக்கம் பாட்டு வரவில்லை" என்கிறாள் மகள்.

"தண்ணீர் இறங்கிவிட்டது அம்மா. வெயில் அடித்தால் சரியாகிவிடும்" என்கிறார் தகப்பனார்.

சில சமயம் சரியாகும். பல சமயம் ஆகாது. புது ஸ்பீக்கர் வாங்கி மாட்டுவார்கள். அடுத்த ஐப்பசி மழையில் அதுவும் போய்விடும்!

குறை ஸ்பீக்கரில் இல்லை. கதவுக்குள் இருக்கிறது.

நனையும் கதவு

கார்க் கதவுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. தண்ணீர் போகத்தான் செய்யும். போகும் என்று தெரிந்தேதான் கதவைச் செய்கிறார்கள்.

எப்படி?

கண்ணாடி ஏறி இறங்க ஒரு சந்து வேண்டும். அந்தச் சந்தின் ஓரத்தில் ரப்பர் பட்டை உண்டு. அது பெரும்பகுதித் தண்ணீரைத் தடுக்கும், முழுவதையும் தடுக்காது. மீதி, கண்ணாடி வழியாக வழிந்து கதவின் அடியில் போய் விழும். அங்கே சின்னஞ்சிறு துளைகள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றின் வழியாக வெளியே போய்விடும்.

கதவின் உட்பக்கத்தில் ஓர் அட்டை இருக்கிறது அல்லவா? பல கார்களில் அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு பாலிதீன் தாளை ஒட்டியிருப்பார்கள். ஈரம் அட்டையைத் தொடாமல் காப்பது அதுதான்.

பழைய காரில் என்ன நடக்கிறது? ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்துவிடுகிறது. கண்ணாடி ஏற்றும் கருவி பழுதானால் கதவைப் பிரிக்கிறார்கள். பாலிதீன் தாள் கிழிகிறது. கிழிந்த தாளைத் திரும்ப ஒட்ட யாருக்கு நேரம் இருக்கிறது? சுருட்டி மூலையில் எறிந்துவிடுகிறார்கள்.

மாருதி 800 கார் 1983-ல் வந்தது. அதன் உற்பத்தி 2014-ல் நின்றது. அம்பாசடர் உற்பத்தியும் அதே ஆண்டில் நின்றுபோயிற்று. இன்று ஓடும் இந்தக் கார்களில் பலவற்றின் கதவுகள் எத்தனையோ முறை பிரித்து மாட்டப்பட்டவை. ஸ்பீக்கரையும் பலர் பிற்பாடு வாங்கித்தான் வைத்தார்கள். அட்டையில் வட்டமாக ஓட்டை போட்டு மாட்டினார்கள். ஸ்பீக்கரின் முகம் காருக்குள் இருக்கும். முதுகு மழையில் இருக்கும்!

கூம்பும் காந்தமும்

ஸ்பீக்கருக்குள் ஒரு கூம்பு, ஒரு கம்பிச் சுருள், ஒரு காந்தம் இருக்கின்றன. மின்சாரம் பாய்ந்தால் சுருள் அதிரும். கூம்பும் கூடவே அதிரும். அதுதான் நாம் கேட்கும் பாட்டு. 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்க எஞ்சினீயர்கள் வெளியிட்ட முறை இது. இன்றைக்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

காகிதக் கூம்பு நனைந்தால் ஊறி நொய்ந்துபோகும். பிளாஸ்டிக் கூம்பு தாங்கும். ஆனால் சுருளைச் சுற்றியுள்ள இரும்பு துருப்பிடிக்கும். சுருள் அசைவது மெல்லிய சந்துக்குள். அதில் ஒரு பொடித் துரு விழுந்தாலும் போதும், சுருள் உராயும். "கர்... கர்..." சத்தம் அதுதான்.

குடை பிடிப்பது எப்படி?

தண்ணீர் மேலிருந்து வருகிறது. எனவே ஸ்பீக்கரின் முதுகுக்கு மேலே ஒரு கூரை இருந்தால் போதும். கார் சாமான் கடைகளில் இதற்கென்றே ரப்பர், பிளாஸ்டிக் மூடிகள் விற்கிறார்கள். சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு முழுவதும் இப்படிப்பட்ட கடைகள்தான். மூடி கிடைக்காவிட்டால் கவலை இல்லை. அளவான பிளாஸ்டிக் டப்பாவைப் பாதியாக வெட்டினால் அதுவே குடை! ஸ்பீக்கரின் மேல் விளிம்பில் இடுக்கு இல்லாமல் ஒட்ட வேண்டும். கீழ்ப்பக்கம் திறந்திருக்க வேண்டும். முழுவதும் மூடினால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. பாட்டின் கனத்த ஒலியும் குறைந்துவிடும்.

ஒட்டுவதற்கு முன் கண்ணாடியை முழுவதும் இறக்கிப் பார்ப்பது அவசியம். மூடியில் கண்ணாடி இடித்தால் மூடியும் உடையும், கண்ணாடியும் நிற்காது.

ஒயரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதை நேராக இழுத்து மாட்டக் கூடாது. கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றி ஸ்பீக்கரில் சேர்க்க வேண்டும். ஒயர் வழியாக வரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

புதுப் பாலிதீன் தாளும் ஒட்ட வேண்டும். அதன் கீழ் ஓரத்தைக் கதவின் உட்புறமாகச் செருகிவிட வேண்டும். அப்போதுதான் தாளில் வழியும் தண்ணீர் கதவுக்குள்ளேயே விழும். வெளியே தொங்கவிட்டால் கால்மிதி நனையும்.

அடைத்தால் ஆபத்து!

சிலர் வேறொரு காரியம் செய்கிறார்கள். கதவின் அடியில் ஈரம் கசிவதைப் பார்த்து, "இங்கேதான் ஓட்டை!" என்று பசை வைத்து அடைத்துவிடுகிறார்கள். இதைவிடக் கெடுதல் வேறு இல்லை. கதவு குடமாகிவிடும். தகடு உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு சல்லடையாகி இருக்கும். ஸ்பீக்கர் போனால் வேறு வாங்கலாம். கதவு போனால் டிங்கர் வேலை, பெயின்ட் என்று ஆயிரக்கணக்கில் செலவு. சேமித்த பணத்தில் பழைய கார் வாங்கிய குடும்பம் அதற்கு எங்கே போகும்?

பசையிலும் கவனம் வேண்டும். சிலிகான் பசையில் ஒரு வகை, காடி போலப் புளித்த வாடை அடிக்கும். அது இரும்பை அரிக்கக்கூடியது. கார்க் கதவுக்கு அது ஆகாது.

கதவை ஆட்டினால் "களக் களக்" என்று கேட்கிறதா? துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மண்ணும் சருகும் சேர்ந்து அடைத்திருக்கும். கூரான கம்பியால் குத்தினால் பெயின்ட் உரியும். துடைப்பத்து ஈர்க்குச்சியே போதும்.

வெள்ளம் வந்தால் கதை வேறு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. அடித்துளை வழியாகவே அந்தத் தண்ணீர் ஏறிவிடும். குடை என்ன செய்யும்? நனைந்த ஸ்பீக்கரில் உடனே பாட்டுப் போட்டுப் பார்க்கக் கூடாது. கழற்றி, நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும்.

சாதாரண மழைக்கு என்றால், அட்டையைத் திரும்ப மாட்டும் முன்பே சோதித்துவிடலாம். ஒருவர் வெளியே நின்று கண்ணாடிமேல் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இன்னொருவர் உள்ளே இருந்து டார்ச் விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரின் முதுகு காய்ந்திருக்கிறதா? கதவின் அடியில் தண்ணீர் நூலாக ஒழுகுகிறதா? இரண்டும் சரியென்றால் அட்டையை மாட்டலாம். பாட்டும் போடலாம்.