தேனி மாவட்டத்திற்கான பயண வழிகள்

தேனி மாவட்டம் தமிழ்நாட்டின் தென்மேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள மாவட்டம் ஆகும். இம்மாவட்டத்தின் கல்லூரிகளிலும் ஆய்வு நிலையங்களிலும் நடைபெறும் கருத்தரங்குகளுக்கும் பயிலரங்குகளுக்கும் வெளியூரிலிருந்து வருவோர் அறிந்திருக்க வேண்டிய சாலை, இருப்புப்பாதை, தங்குமிடம், பருவநிலை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது. மதுரையிலிருந்து தேனி ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவில்தான் உள்ளது. ஆயினும் கருத்தரங்கிற்கு வருவோர் பலர் முதல் அமர்வைத் தவற விடுவதுண்டு. தொலைவைக் கொண்டு நேரத்தைக் கணிப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

நில அமைப்பும் வாயில்களும்

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கிலும் தெற்கிலும் ஏலமலையும் மேகமலையும், வடக்கில் பழனி மலையும் சூழ்ந்துள்ளன. ஆகவே இம்மாவட்டத்தினுள் நுழைய ஒரு சில வழிகளே உள்ளன. கிழக்கே மதுரையிலிருந்து உசிலம்பட்டியைக் கடந்து ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக வருவது ஒன்று. வடகிழக்கே திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம் வழியாக வருவது மற்றொன்று. இவ்விரண்டும் சமவெளிப் பாதைகள். கேரளத்திலிருந்து வருவோருக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று மலைப்பாதைகள் உள்ளன. மலைப்பாதை ஒன்று மண்சரிவால் அடைபட்டால் அடுத்த பாதைக்குச் செல்லப் பல மணி நேரம் கூடுதலாகும்.

மதுரை - தேனி - போடி - மூணாறு சாலை தேசிய நெடுஞ்சாலை 85-இன் பகுதியாகும். இதன் பழைய எண் 49. தேனியிலிருந்து கம்பம், குமுளி வழியாகக் கோட்டயம் செல்லும் சாலை தேசிய நெடுஞ்சாலை 183 ஆகும். இதன் பழைய எண் 220. அழைப்பிதழ்களில் இன்றும் பழைய எண்களே அச்சிடப்படுவதைக் காணலாம்.

பெயர்க் குழப்பங்கள்

முதன்முறையாக வருவோர் பயணச்சீட்டு எடுக்கும்போதே தவறிவிடக்கூடிய சில பெயர்கள் உள்ளன. இவற்றுள் முதலாவது கம்பம். தொடர்வண்டி முன்பதிவு இணையத்தளத்தில் இப்பெயரை ஆங்கிலத்தில் தேடினால் ஒரு நிலையம் கிடைக்கும். ஆனால் அது ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள கம்பம். தேனி மாவட்டக் கம்பத்திற்கு இருப்புப்பாதையே இல்லை. உத்தமபாளையம், சின்னமனூர், கூடலூர் ஆகிய ஊர்களுக்கும் இருப்புப்பாதை இல்லை. திண்டுக்கல்லிலிருந்து லோயர் கேம்ப் வரை ஒரு பாதை அமைக்க வேண்டும் என்பது இப்பகுதி மக்களின் நெடுநாளைய கோரிக்கை ஆகும்.

கூடலூர் என்ற பெயரிலும் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று நீலகிரி மாவட்டத்திலும் மற்றொன்று கம்பத்திற்கும் குமுளிக்கும் இடையிலும் அமைந்துள்ளன. கோயம்புத்தூரிலிருந்து பேருந்து ஏறுவோர் இதனைக் கேட்டறிந்து ஏறுதல் வேண்டும். கொடைக்கானல் ரோடு என்னும் தொடர்வண்டி நிலையம் கொடைக்கானலில் இல்லை. அது சமவெளியில், அம்மையநாயக்கனூரில் உள்ளது. இந்த ஒரு பெயர் மட்டும் தேனிக்கு வருவோருக்கு நன்மையாகவே முடிகின்றது. அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகப் பெரியகுளத்தையும் தேனியையும் அடையலாம்.

நிகழிடங்கள்

"தேனி" என்று பெயரில் உள்ள நிறுவனம் தேனி நகரில்தான் இருக்கும் என்று கொள்ளலாகாது. 2004-இல் தொடங்கப்பட்ட தேனி அரசு மருத்துவக் கல்லூரி, மதுரைச் சாலையில் ஆண்டிபட்டிக்கும் தேனிக்கும் இடையில் கானாவிலக்கு என்னுமிடத்தில் உள்ளது. மதுரையிலிருந்து பேருந்தில் வருவோர் தேனிக்கு முன்னரே இறங்கிவிட வேண்டும். தேனி வரை சென்று திரும்புவது வீண் அலைச்சலாகும். 2012-இல் தொடங்கப்பட்ட அரசு பொறியியல் கல்லூரி போடிக்கு அருகில் மேலச்சொக்கநாதபுரத்தில் உள்ளது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் (1990) பெரியகுளத்தில் அமைந்துள்ளது. சென்னையிலிருந்து இக்கல்லூரிக்கு வருவோர் மதுரைக்குச் செல்லத் தேவையில்லை. திண்டுக்கல்லில் இறங்கிப் பேருந்தில் வருவதே நேர்வழியாகும். பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியும், போடியில் ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியும், உத்தமபாளையத்தில் 1956-இல் நிறுவப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியும் உள்ளன. திராட்சை ஆராய்ச்சி நிலையம் ஆனைமலையான்பட்டியில் உள்ளது.

ஏலக்காய் ஆய்வாளர்கள் தேடிவரும் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் தமிழ்நாட்டில் இல்லை. அது மலைக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மயிலாடும்பாறையில் உள்ளது. தேனி மாவட்டத்தில் கடமலைக்குண்டிற்கு அருகிலும் மயிலாடும்பாறை என்றோர் ஊர் இருப்பதால் வாடகை வாகன ஓட்டுநரிடம் இடுக்கி மாவட்டம் என்று தெளிவாகக் கூறுதல் நலம். மின்னணு முறையில் ஏலக்காய் ஏலம் நடைபெறும் இடங்களுள் ஒன்று போடி.

இயற்பியலாளர்கள் சிலர் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்தைப் பார்வையிடலாம் என்று எண்ணி வருகின்றனர். போடி மேற்கு மலையில் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்திற்கு 2015 சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சூழலியல் காரணங்களால் எழுந்த எதிர்ப்பை அடுத்து, 2022-இல் தமிழ்நாடு அரசு இத்திட்டத்திற்குத் தன் எதிர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. நிலத்தடிச் சுரங்கமோ ஆய்வகமோ அங்கு அமைக்கப்படவில்லை. பொட்டிபுரத்தில் காண்பதற்கு ஒரு குன்றும் வயல்களுமே உள்ளன.

தொடர்வண்டி

மதுரை - போடிநாயக்கனூர் இருப்புப்பாதை ஏறத்தாழ 90 கி.மீ. நீளமுடையது. மலையில் விளையும் ஏலக்காய் முதலியவற்றைக் கொண்டு செல்லும் பொருட்டு 1928-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது இதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950-களில் மீண்டும் போடப்பட்டன. மீட்டர் பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 டிசம்பர் இறுதியில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கணவாய்ப் பகுதியில் குன்றைக் குடைந்து பாதையை அகலப்படுத்த வேண்டியிருந்தது. நிதி ஒதுக்கீடும் சிறிது சிறிதாகவே வந்தது. இதனால் தேனிக்கு 2022 மே 26 அன்றுதான் அகலப்பாதை திறக்கப்பட்டது. போடிக்கு 2023 சூன் 15 அன்று முதல் வண்டி சென்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் போடியில் தொடர்வண்டியைக் காணாமலேயே ஒரு தலைமுறை மாணவர்கள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டனர். இக்காலத்தில் எழுதப்பட்ட பயணக் குறிப்புகள் பலவற்றில் "தேனிக்குத் தொடர்வண்டி இல்லை" என்று காணப்படும். அது இப்போது பொருந்தாது.

சென்னை சென்ட்ரலிலிருந்து சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகப் போடிக்கு வாரத்தில் மூன்று நாட்கள் இரவு வண்டி இயக்கப்படுகின்றது. எழும்பூரிலிருந்து அன்று, சென்ட்ரலிலிருந்து என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மதுரைக்கு வழக்கமாகச் செல்லும் பழக்கத்தில் எழும்பூருக்குச் சென்றுவிடுவோர் உளர். இவ்வண்டி சுற்றுவழியில் செல்வதால் பயண நேரமும் கூடுதலாகும். மதுரைக்கும் போடிக்கும் இடையே முன்பதிவற்ற வண்டி காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டு மாலையில் போடியிலிருந்து திரும்புகின்றது. கட்டணம் பேருந்தை விட மிகக் குறைவு. எனினும் காலை பத்து மணிக்குத் தொடங்கும் தொடக்க அமர்வுக்கு இவ்வண்டியை நம்புவது ஐயத்திற்குரியது. ஒரு நாள் கருத்தரங்கு முடிந்து மதுரைக்குத் திரும்புவோருக்கு மாலை வண்டி பயன்படலாம். கால அட்டவணை மாறக்கூடியது. புறப்படும் முன் சரிபார்த்தல் வேண்டும்.

பேருந்து

நடைமுறையில் பெரும்பாலானோர் வருவது பேருந்தில்தான். மதுரையில் மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் என இரு பெரும் பேருந்து நிலையங்கள் உள்ளன. தேனி, போடி, கம்பம், குமுளி செல்லும் பேருந்துகள் ஆரப்பாளையத்திலிருந்து புறப்படுகின்றன. சென்னை, திருச்சி முதலிய ஊர்களிலிருந்து வரும் பேருந்துகள் மாட்டுத்தாவணியில் நிற்கும். இவ்விரண்டிற்கும் இடையில் மதுரை நகரம் முழுவதும் உள்ளது. காலை நேர நெரிசலில் இதனைக் கடக்க ஒரு மணி நேரம் வரை ஆகலாம். மதுரைத் தொடர்வண்டிச் சந்திப்பிலிருந்து ஆரப்பாளையம் அண்மையில் உள்ளது. ஆரப்பாளையத்திலிருந்து தேனிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குதல் வேண்டும்.

சென்னையிலிருந்து தேனி, கம்பம், போடிக்கு நேரடி இரவுப் பேருந்துகள் உள்ளன. தென் மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன. கோயம்புத்தூரிலிருந்து வருவோர் பழனி, ஒட்டன்சத்திரம், செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாக வரலாம்.

தேனியில் புறவழிச்சாலையில் உள்ள கர்னல் ஜான் பென்னிகுயிக் பேருந்து நிலையத்தில் வெளியூர்ப் பேருந்துகள் நிற்கின்றன. மதுரை, பெரியகுளம், கம்பம் சாலைகள் கூடுமிடம் நேரு சிலை சந்திப்பு ஆகும். உள்ளூரில் வழி கேட்டால் எல்லோரும் நேரு சிலையிலிருந்தே வழி சொல்வர். தேனியிலிருந்து போடி 15 கி.மீ., பெரியகுளம் 16 கி.மீ., கம்பம் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளன. இவ்வழித்தடங்களில் பகலில் பேருந்துகள் அடிக்கடி கிடைக்கும். குமுளிக்குச் செல்லும் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எல்லையின் இப்பக்கத்திலேயே நின்றுவிடும். கோட்டயம் செல்வோர் சில நிமிடங்கள் நடந்து எல்லையைக் கடந்து கேரளப் பேருந்தில் ஏற வேண்டும்.

வானூர்தி

அண்மை வானூர்தி நிலையம் மதுரை ஆகும். அங்கிருந்து தேனிக்கு நேரடிப் பேருந்துகள் கிடைப்பது அரிது. வாடகை வாகனத்தில் வருவது, அல்லது நகருக்குச் சென்று ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறுவது ஆகியவையே வழிகள். கொழும்பிலிருந்து மதுரைக்கு நேரடி வானூர்தி உள்ளதால் இலங்கை ஆய்வாளர்கள் சென்னை செல்லத் தேவையில்லை. வெளிநாட்டினர் கருத்தரங்கிற்கென உரிய நுழைவிசைவு பெறுதல் வேண்டும். சுற்றுலா நுழைவிசைவில் வந்து கட்டுரை வாசிப்பது முறையன்று. அழைப்புக் கடிதத்தை அமைப்பாளரிடமிருந்து முன்னரே பெற்றுக்கொள்ளல் நலம்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்

தேனியில் தங்கும் விடுதிகள் பெரும்பாலும் நகரின் மூன்று முதன்மைச் சாலைகளிலும் பேருந்து நிலையத்தை ஒட்டியும் உள்ளன. ஆண்டின் பெரும்பகுதியில் அறை கிடைப்பதில் சிக்கலில்லை. சில நாட்களில் மட்டும் நிலைமை மாறும். சித்திரை மாதத்தில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோவில் திருவிழா நடைபெறும் எட்டு நாட்களிலும் தேனி - கம்பம் சாலையில் போக்குவரத்து மாற்றிவிடப்படும். சித்ரா பௌர்ணமி அன்று எல்லையில் உள்ள கண்ணகி கோவிலுக்குச் செல்வோரால் கூடலூரும் குமுளியும் நிறைந்துவிடும்.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை செல்லும் ஊர்திகள் இப்பள்ளத்தாக்கு வழியாகவே செல்கின்றன. நெரிசல் மிகும் நாட்களில் காவல்துறை ஒருவழிப் போக்குவரத்தை நடைமுறைப்படுத்துகின்றது. அப்போது கேரளம் செல்லும் ஊர்திகள் கம்பம்மெட்டு வழியாகவும், திரும்புபவை குமுளி வழியாகவும் விடப்படும். கல்லூரிகள் பல தங்கள் கருத்தரங்குகளை டிசம்பர், சனவரி மாதங்களில் வைப்பது இவ்வகையில் பொருத்தமானதன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் மலைப்பாதைகளில் மண்சரிவு ஏற்படுவதும் உண்டு. ஆனி முதல் ஆவணி வரை கேரள மலைகளைத் தாண்டி வரும் காற்று பலமாக வீசும். அவ்வப்போது சாரலும் விழும்.

மலைப்பகுதிகள்

கருத்தரங்கு முடிந்த மறுநாள் மலைக்குச் சென்று வர விரும்பாதவர் குறைவு. இங்குதான் கவனம் மிகத் தேவை. போடியிலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் உள்ள குரங்கணியின் மலைச்சரிவில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீயில், மலையேற்றம் சென்று இறங்கிக்கொண்டிருந்தோர் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் தடத்தில் இது நிகழ்ந்தது. அத்தடத்திற்கு அனுமதி பெறப்படவில்லை என அப்போது தெரிவிக்கப்பட்டது. காய்ந்த புல் ஆளுயரம் நிற்கும் மாசி, பங்குனி மாதங்களில் இச்சரிவுகளில் தீ பரவும் வேகம் மனிதர் ஓடும் வேகத்தை விஞ்சும். கல்லூரிகளின் தேசியக் கருத்தரங்குகள் பல இதே மாதங்களில்தான் நடைபெறுகின்றன. இதன்பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை மாநில அரசு வகுத்தது. 2024-இல் வனத்துறையின் வழி, வழிகாட்டியுடன் இணையத்தில் முன்பதிவு செய்யும் முறையும் தொடங்கப்பட்டது. உள்ளூர் நண்பர் ஒருவர் வழி தெரியும் என்று கூறுவது அனுமதி ஆகாது.

கொழுக்குமலை நிருவாகத்தில் தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததெனினும் அதற்கான ஊர்திப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாகவே உள்ளது. சின்னமனூரிலிருந்து செல்லும் மேகமலைச் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் ஒரு பூவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. இப்பகுதி 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. தென்பழனி சோதனைச் சாவடியில் மாலைக்குப் பின் ஊர்திகள் அனுமதிக்கப்படுவதில்லை. மேலே கைப்பேசித் தொடர்பு பல இடங்களில் கிடைக்காது. சுருளி, கும்பக்கரை அருவிகள் வெள்ளப்பெருக்கின்போதும், சுருளி யானைகளின் நடமாட்டம் இருக்கும்போதும் மூடப்படும். கொடைக்கானலுக்கு ஊர்தியில் செல்ல 2024 மே 7 முதல் மின்-அனுமதிச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. அதனை இணையத்தில் பெறலாம்.

மலையேற விரும்பாதோருக்கு வைகை அணையும் (1959), லோயர் கேம்பில் 2013-இல் திறக்கப்பட்ட பென்னிகுயிக் நினைவு மண்டபமும் அரை நாளில் பார்த்துத் திரும்பக் கூடியவை. கம்பம் சாலையோரத் திராட்சைத் தோட்டங்களில் ஆண்டின் எம்மாதத்திலும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருக்கும். இங்கு விளையும் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.