போனிலேயே லேப் செய்யலாமாம்! நம்ம பிள்ளைக்கு அது போதுமா?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் பேச்சு பிள்ளைகள் படிப்புக்கு வந்துவிடும். "பொண்ணை சயின்ஸ் குரூப்ல சேர்க்கலாமா? லேப் ஒழுங்கா நடக்குமா?" என்ற கேள்வி நம் தொப்பம்பட்டி வட்டாரத்திலும் உண்டு. "இப்பல்லாம் லேப்பையே போன்ல செய்யலாமாமே" என்றும் சொல்கிறார்கள். அது என்ன, அதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்து கொள்வோம்.

லேப் ஏன் முக்கியம்?

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றுக்கும் 100 மார்க். எழுத்துத் தேர்வு 70, செய்முறைத் தேர்வு 20, அகமதிப்பீடு 10. அந்த 20 மார்க்கைப் புத்தகத்தை மனப்பாடம் செய்து வாங்க முடியாது, கையால் செய்து காட்ட வேண்டும். நர்சிங், லேப் டெக்னீசியன், பி.எஸ்சி. என்று எதற்குப் போனாலும் அங்கேயும் லேப்தான்.

கொரோனா காலத்தில் இது நன்றாகவே தெரிந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 2021 ஜனவரி 19-ல்தான் திறந்தது. பாடத்தை டி.வி.யிலும் போனிலும் கேட்டார்கள். ஆனால் பியூரெட்டைக் கையில் பிடிக்க வழி இல்லை.

திரையில் லேப் எப்படி நடக்கிறது?

அமிலமும் காரமும் கலக்கும் சோதனையை எடுத்துக் கொள்வோம். குடுவையில் அமிலம். அதில் பினாப்தலின் என்ற நிறங்காட்டி இரண்டு சொட்டு. மேலே பியூரெட் என்ற நீளக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் வந்து நிலைத்ததும் நிறுத்தி, எவ்வளவு செலவானது என்று குறித்துக் கணக்குப் போட வேண்டும். வெள்ளைத் துணிக்கு நீலம் போடுகிற மாதிரிதான். ஒரு சொட்டு கூடிப்போனால் போச்சு!

இதே குடுவையும் பியூரெட்டும் கம்ப்யூட்டர் திரையில் படமாக இருக்கும். விரலால் தொட்டால் சொட்டு விழும், நிறம் மாறும், அளவு தெரியும். தப்பானால் பத்துத் தடவை கூடத் திரும்பச் செய்யலாம். ஆசிட் தெறிக்காது, கண்ணாடி உடையாது, காசும் ஆகாது. இதற்குத்தான் மெய்நிகர் ஆய்வகம் என்று பெயர்.

யார் நடத்துகிறார்கள்?

கல்லூரிப் பிள்ளைகளுக்காக மத்திய அரசின் கல்வித் திட்டத்தில் 'வர்ச்சுவல் லேப்ஸ்' இருக்கிறது. டெல்லி ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்க, பல கல்வி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியவை. கோயம்புத்தூர் எட்டிமடையில் உள்ள அமிர்தா பல்கலைக்கழகமும் அதில் ஒன்று. ஒன்பது முதல் பிளஸ் டூ வரை படிப்பவர்களுக்கு 'ஓலேப்ஸ்' என்பதை அமிர்தாவும் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து செய்திருக்கின்றன. அதில் சோதனையின் விளக்கம், செய்முறை, வீடியோ, வாய்மொழிக் கேள்விகள் எல்லாம் உண்டு.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய 'பெட்' என்பதும் இலவசமே. அதில் சில சோதனைகள் தமிழிலும் இருக்கின்றன. பலவற்றை ஒரு தடவை இறக்கி வைத்துக் கொண்டால் நெட் இல்லாமலும் பார்க்கலாம். ஆகவே, "லேப் கத்துத் தர்றோம், பணம் கட்டுங்க" என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். முதலில் ஆசிரியரைக் கேளுங்கள்.

அப்போ நிஜ லேப் வேண்டாமா?

கண்டிப்பாக வேண்டும். திரையில் பியூரெட் ஒழுகாது. நிஜத்தில் ஒழுகும். திரையில் அளவு தானாகத் தெரியும். நிஜத்தில் கண்ணை நேராக வைத்துப் பார்க்காவிட்டால் தப்பாகத் தெரியும். ஆசிட்டை எப்படிப் பிடிப்பது, கொட்டிவிட்டால் என்ன செய்வது என்கிற பழக்கம் கைக்குத்தான் வர வேண்டும். தையல் வீடியோ பார்த்தால் மட்டும் ரவிக்கை தைக்க வந்துவிடுமா?

லேப்புக்கு முன்னாடி ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை திரையில் செய்து பார்த்தால் பயம் போகும், நன்றாகப் புரியும். அதற்குத்தான் இது. லேப்புக்குப் பதில் இது இல்லை.

நாம் செய்யக் கூடியவை

1. வீட்டில் ஒரே போன் இருந்தால், அண்ணன் பார்த்து முடித்த பிறகு ராத்திரி பத்து மணிக்குத்தான் தங்கச்சிக்குக் கிடைக்கிறது. பொண்ணுக்கென்று தினம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இதற்காகக் கடன் வாங்கிப் புதுப் போன் வாங்க வேண்டாம். நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒரு போனில் செய்யலாம்.

2. எந்தச் சோதனை நம் பாடத்திட்டத்தில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் குறித்து வாங்கிக் கொள்ளச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருக்கும் விளக்கத்தைத் தமிழில் சொல்லித் தரவும் கேளுங்கள். பள்ளியில் ஹைடெக் லேப் கம்ப்யூட்டர்கள் இருந்தால் அதிலேயே காட்டச் சொல்லலாம்.

3. வீட்டிலேயே ஒரு சோதனை: மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புத் தண்ணீர் விட்டால் சிவக்கும். எலுமிச்சை பிழிந்தால் பழையபடி மஞ்சளாகும். நாம் தினமும் பார்ப்பதுதான். மஞ்சளும் ஒரு நிறங்காட்டியே. பிள்ளையோடு சேர்ந்து செய்து பாருங்கள்.

4. "இந்த மாசம் எத்தனை தடவை லேப் போனே? நீயே செஞ்சியா, இல்ல நின்னு பார்த்தியா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். நின்று பார்த்தேன் என்றால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். அந்தக் குழுவில் சுய உதவிக் குழு உறுப்பினருக்கும் இடம் இருக்கிறது. லேப்பில் சாமான் இல்லையா, நேரம் ஒதுக்கவில்லையா என்று கேட்பது நம் உரிமை. "அதான் போன்ல இருக்கே" என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

நாம் லேப் பார்க்காமல் வளர்ந்தவர்கள். நம் பொண்ணுங்க பார்க்கட்டும், கையால் செய்யட்டும். அடுத்த கூட்டத்தில் கடன் வசூல் எழுதிய பிறகு, தீர்மானப் புத்தகத்தில் இதற்கும் ஒரு வரி எழுதுவோமே!