கடல் தானே கட்டிய நிலம்

நெதர்லாந்தின் வடக்கே உள்ள பிரீஸ்லாந்து மாநிலத்தின் தலைநகர் லேவார்டன். தேசப்படத்தில் பாருங்கள், கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும். ஆனால் ஒரு காலத்தில் அது துறைமுகம்! அங்கிருந்த கடல் எங்கே போயிற்று?

மிடல்சே என்ற கடற்கழி அன்று நாட்டுக்குள் நீண்டு கிடந்தது. கடல் ஏறும்போது நீருடன் வண்டலும் உள்ளே வரும். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குமுன் நீர் சற்று அசையாமல் நிற்கும் அல்லவா? அப்போது வண்டல் அடியில் படியும். உவர்நிலச் செடிகள் அங்கே முளைத்து, மேலும் வண்டலைப் பிடித்துக்கொள்ளும். இவ்வாறு தரை உயர உயர, கடல் பின்வாங்கியது. 1300-ஆம் ஆண்டுவாக்கில் லேவார்டன் துறைமுகம் தூர்ந்துவிட்டது. 1505-இல் கழிமுகத்தில் நீண்ட மண்கரை எழுப்பி, 'பில்ட்' என்ற நிலத்தை மீட்டனர்.

இன்று அங்கே சென்றால், வயல்களின் நடுவே அந்தப் பழைய கரையையும் அதை ஒட்டி வரிசையாக வீடுகளையும் காண்பீர்கள். வடக்கே 1600-இல் எழுந்த இன்னொரு கரை இருக்கிறது. கரை வேலைக்கு ஹாலந்திலிருந்து வந்தவர்களின் பேச்சு பிரீசிய மொழியுடன் கலந்து, 'பில்ட்ஸ்' என்ற பெயரில் இன்றும் வழங்குகிறது.

கரை வெள்ளத்தைத் தடுக்கிறது, வண்டலையும் தடுக்கிறது. எனவே வெளியே உவர்நிலம் உயர்கிறது. உள்ளே வடிக்கப்பட்ட களிமண் காய்ந்து சுருங்கித் தாழ்கிறது. கடல்மட்டமோ ஏறிவருகிறது. கரையைக் காக்கும் வேலை 1505-உடன் முடியவில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?