பல்பு பறித்த கோப்பை: குட்டி மினி கார் ரேலி உலகைக் கலக்கிய கதை

1966 ஜனவரி. மான்டி கார்லோ ரேலி முடிந்தபோது முதல் மூன்று இடங்களிலும் நின்றது ஒரே மாடல்: மினி கூப்பர் எஸ். ஆனால் கோப்பை போனதோ ஒரு சிட்ரோயன் காருக்கு. இன்ஜினில் குறை இல்லை, டயரில் குறை இல்லை. முன்விளக்கு பல்புதான் பிரச்சினை!

அதற்கு முன்னால், இவ்வளவு சின்ன கார் அங்கே எப்படிப் போய் நின்றது?

1956 சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பெட்ரோலைக் குறைவாகக் குடிக்கும் கார் ஒன்றை வடிவமைக்கும் வேலை அலெக் இஸிகோனிஸிடம் வந்தது. நீளம் சுமார் 10 அடிதான். நாலு பேர் உட்கார வேண்டும். இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை அதற்கு அடியிலேயே அடக்கினார். 10 அங்குலச் சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளினார். எல்லாம் இடத்தை மிச்சம் பிடிக்கத்தான். 1959 ஆகஸ்ட்டில் 848 சிசி, 34 குதிரைத்திறனோடு மினி வந்தது.

இடத்துக்காகச் செய்தது ஓட்டத்துக்கும் உதவியது. இன்ஜின் எடை முழுக்க இழுக்கும் முன்சக்கரங்கள் மேலேயே உட்கார்ந்ததால் பனியிலும் பிடிமானம் கிடைத்தது. வளைவில் திருப்பினால் சாயாமல் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போனது. இதைக் கண்டுகொண்டவர், 1959, 1960 இரண்டு ஆண்டும் ஃபார்முலா 1 தயாரிப்பாளர் பட்டம் வென்ற அணியின் ஜான் கூப்பர். ‘சாமானியர் காருக்கு எதற்குப் பந்தயம்?’ என்பது இஸிகோனிஸின் நினைப்பு. ஆனாலும் நிறுவனம் சம்மதித்தது. 1961-ல் 997 சிசி, 55 குதிரைத்திறன், முன்சக்கர டிஸ்க் பிரேக்குடன் மினி கூப்பர் வந்தது.

அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் டியூலிப் ரேலியை அதில் வென்றவர் ஒரு பெண்: பேட் மாஸ். பந்தய வீரர் ஸ்டிர்லிங் மாஸின் தங்கை. மினியின் கதையில் இவரை ஏனோ பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1964 மான்டி கார்லோவில் பேடி ஹாப்கிர்க் ஜெயித்தார். எதிரே 4.7 லிட்டர் வி8 இன்ஜின் கொண்ட ஃபோர்டு ஃபால்கன். உண்மையைச் சொன்னால், மலைப்பாதையில் ஃபால்கன்தான் வேகம். சின்ன இன்ஜினுக்கு விதிகள் கொடுத்த சலுகை மினியைக் காப்பாற்றியது. 1965 அப்படியில்லை. கொட்டித் தீர்த்த பனியில், கிளம்பிய 200-க்கும் மேற்பட்ட கார்களில் பெரும்பாலானவை ஊர் போய்ச் சேரவே இல்லை. ஃபின்லாந்தின் டிமோ மாக்கினன் மினியை முதலிடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

1966-க்கு வருவோம். மாக்கினன், ராவ்னோ ஆல்டோனன், ஹாப்கிர்க் முதல் மூன்று இடங்கள். ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்ற சந்தேகத்தில் அதிகாரிகள் காரைப் பிரித்து மேய்ந்தார்கள். இன்ஜினில் ஒன்றும் சிக்கவில்லை. விளக்கில் பிடித்தார்கள். சாதாரண பல்பில் ஹை பீமுக்கும் லோ பீமுக்கும் தனித்தனி இழை இருக்கும். மினியில் இருந்தது ஒற்றை இழை அயோடின் பல்பு. எதிரே வண்டி வந்தால் அதே விளக்கைத் தாழ்த்த முடியாது. அது விதிமீறல் என்று மூன்று மினிகளையும் நீக்கினார்கள். நான்காவதாக வந்த லோட்டஸ் கார்ட்டினாவும் இதே காரணத்துக்காக வெளியே. ஐந்தாவதாக வந்த பாவ்லி டொய்வோனனின் சிட்ரோயன் வெற்றியாளர் ஆனது. விதியை எழுத்துக்கு எழுத்து பார்த்தால் தீர்ப்பில் தப்பில்லை என்று வாதிடலாம். ஆனால் பந்தயத்தைத் தீர்மானித்தது விளக்கு என்று நம்புவது கஷ்டம்.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தில் முதல் ஒன்பது இடங்களையும் மினிகளே பிடித்தன. வென்ற காரை ஓட்டிய இருவரில் ஒருவர் ஆல்டோனன். 1967-ல் மான்டி கார்லோவுக்கே திரும்பிப் போய், ஒரு லான்சியாவைச் சில விநாடி வித்தியாசத்தில் முந்தி, கோப்பையை வாங்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

1968-ல் போர்ஷே 911 வந்தது. மினிகளுக்குக் கிடைத்தவை 3, 4, 5-வது இடங்கள்.