சட்டைப் பைக்குள் ஒரு சிற்றலைப் பெட்டி

சோப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிய வானொலிப் பெட்டி ஒன்று. மூலையில் இழுத்து நீட்டக்கூடிய ஏரியல். முகப்பில் ‘12 பாண்ட்’ என்று பளபளக்கும் எழுத்துகள். உண்டியலில் பல மாதங்களாகச் சேர்த்த பணம் அதன் விலைக்குச் சரியாக இருக்கிறது. வாங்கலாமா? கடைக்காரர் பண்பலை நிலையம் ஒன்றை வைத்து உரக்கப் பாடவிட்டுக் காட்டுவார். அதில் மயங்கிவிடாதீர்கள். உள்ளூர்ப் பண்பலை மிகச் சாதாரணமான பெட்டியிலும் நன்றாகவே பாடும். பெட்டியின் உண்மையான தரம் சிற்றலையில்தான் வெளிப்படும்.

சோதனைக்கு முன் சிற்றலையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் கொண்ட அலைகளே சிற்றலைகள். 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 9.6 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 300-ஐ 9.6-ஆல் வகுக்க 31.25 வருகிறது. டயலில் ‘31 மீ’ என்று போட்டிருப்பதன் பொருள் இதுதான்.

1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த குறியீட்டைக் கேட்டதாக அறிவித்தார். நேர்கோட்டில் செல்லும் அலை, உருண்டையான பூமியை எப்படிச் சுற்றி வந்தது என்று அறிஞர்கள் திகைத்தனர். வானில் மின்னேற்றம் பெற்ற அடுக்கு ஒன்று அலைகளைத் திருப்பி அனுப்புகிறது என்று 1902-ல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே கூறினர். 1924-ல் ஆப்பிள்டன் தம் சோதனைகளால் அதை மெய்ப்பித்தார். அதுதான் அயனி மண்டலம்.

அயனி மண்டலம் பகலில் ஒருவிதமாகவும் இரவில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் ‘டி’ அடுக்கு உருவாகி, குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகளை உறிஞ்சிவிடுகிறது. கதிரவன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைகிறது. அதற்கு வெகு மேலே உள்ள ‘எஃப்’ அடுக்கு இரவிலும் எஞ்சி நின்று அலைகளைத் திருப்புகிறது. ஆனால் இரவில் அதன் அடர்த்தி குறைவதால், மிகுந்த அதிர்வெண் கொண்ட அலைகள் அதைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடுகின்றன. ஆகவே 49, 41 மீட்டர்களை மாலையிலும் இரவிலும் கேளுங்கள். 19, 16 மீட்டர்களைப் பகலில் கேளுங்கள். 31, 25 மீட்டர்கள் இடைப்பட்டவை. நண்பகலில் 49 மீட்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘பெட்டி மோசம்’ என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. சூரியனில் பெரிய தீக்கொழுந்து கிளம்பினால், பூமியின் பகல் பக்கத்தில் சிற்றலை முழுவதும் சில நிமிடங்களோ, ஓரிரு மணி நேரமோ அடங்கிப் போவதும் உண்டு.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். சிற்றலை நிலையங்கள் முன்போல் இன்று இல்லை. நெதர்லாந்து வானொலி 2012-ல் சிற்றலையை விட்டது. பல தமிழ் வீடுகளில் இரவு 9.15-க்கு ஒலித்த பிபிசி தமிழோசை 2017-ல் நின்றது. தாத்தாவின் பழைய குறிப்பேட்டில் உள்ள நிலையம் கேட்கவில்லை என்றால் குற்றம் பெட்டியினுடையது அன்று. சீன வானொலி, பிபிசி உலகச் சேவையின் ஆங்கில ஒலிபரப்பு போன்றவை இன்னும் சிற்றலையில் வருகின்றன. நிலையங்கள் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று அலைவரிசைகளை மாற்றிக்கொள்வது வழக்கம். அட்டவணைகளில் உலகப் பொது நேரம் இருக்கும். அதனுடன் ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம்.

இனி, அந்த ‘12 பாண்ட்’ என்ன என்று பார்ப்போம். முள் நகரும் டயலின் நீளம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே பாண்டில் அடக்கியிருந்தால், 12,000 கிலோஹெர்ட்ஸ் 50 மில்லிமீட்டரில் நெருக்கப்படுகிறது. ஒரு மில்லிமீட்டருக்கு 240 கிலோஹெர்ட்ஸ்! சிற்றலை நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைகின்றன. எனவே ஒரு மில்லிமீட்டரில் 48 நிலையங்களுக்கான இடம். அதில் ஒன்றை விரலால் பிடிப்பது பெரும் பாடு. அதே டயலில் 31 மீட்டர் பாண்டை மட்டும், அதாவது 500 கிலோஹெர்ட்ஸை மட்டும் விரித்திருந்தால் ஒரு மில்லிமீட்டரில் 2 நிலையங்கள்தாம். ஆகவே முள் டயல் பெட்டியில், பாண்டுகள் பல இருப்பது வெறும் விளம்பரம் அன்று. ஆனால் அந்த 12-ல் பண்பலையையும் மத்திய அலையையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள். அவற்றைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

எண்களைத் திரையில் காட்டும் பெட்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. டெக்சன் பிஎல்-310இடி போன்றவை அலையின் வலிமையையும், இரைச்சலைவிட அது எவ்வளவு மேலே நிற்கிறது என்பதையும் டெசிபலில் காட்டிவிடும். சோதனை செய்ய விரும்புவோருக்கு இது மிகவும் வசதி. (அதற்குச் சற்றுப் பெரிய சட்டைப் பை வேண்டும்!)

எந்தப் பெட்டியானாலும் முதலில் உணர்திறனைப் பாருங்கள். நிலையம் இல்லாத ஓர் இடத்தில் டயலை நிறுத்தி, ஏரியலை மடக்கி, இரைச்சலைக் கவனியுங்கள். பிறகு ஏரியலை முழுதும் நீட்டுங்கள். இரைச்சல் நன்றாகக் கூடினால் மகிழுங்கள். பெட்டிக்குள் பிறக்கும் இரைச்சலைவிட வெளியிலிருந்து வருவது அதிகம் என்பதே அதன் பொருள். அதற்குமேல் உணர்திறன் கூடியும் பயன் குறைவு. மாற்றமே இல்லை என்றால் அது செவிட்டுப் பெட்டி.

ஆனால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் வானத்தினுடையதுதானா? எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சிற்றலைக்குப் பகை. பெட்டியை மின்கலத்தில் இயக்கி, மொட்டைமாடிக்குக் கொண்டு போங்கள். மின்வெட்டு நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. மற்றவர்கள் முணுமுணுக்கும்போது நீங்கள் மட்டும் மகிழ்ச்சியாக இருப்பீர்கள்.

அடுத்தது சற்று நுட்பமானது. பல எளிய பெட்டிகள் வரும் அலையை 455 கிலோஹெர்ட்ஸ் என்ற இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொள்கின்றன. இதற்காகப் பெட்டிக்குள் ஓர் அலையியற்றி, நீங்கள் வைத்த இடத்தைவிட 455 கூடுதலாக அதிர்கிறது. டயலை 8,790-ல் வைத்தால் அது 9,245-ல் அதிரும். இதற்கும் 9,700-ல் உள்ள வலிய நிலையத்துக்கும் உள்ள வேறுபாடும் 455தான்! பெட்டி ஏமாந்து, அந்த நிலையத்தை 8,790-லும் ஒலிக்கச் செய்கிறது. இதைப் ‘பிம்பம்’ என்பார்கள். வலிய நிலையம் ஒன்றைப் பிடித்து, 910 கிலோஹெர்ட்ஸ் கீழே போய்ப் பாருங்கள். அதே குரல் அங்கே எவ்வளவு மெலிந்து கேட்கிறதோ அவ்வளவு நல்ல பெட்டி.

5 மீட்டர் கம்பியை ஏரியலில் கிளிப்பால் மாட்டிப் பார்க்கலாம். நிலையங்கள் வலுக்கும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பினால், வலிய அலைகளைத் தாங்கும் திறன் பெட்டிக்கு இல்லை என்று பொருள். கம்பி மின்கம்பிகளுக்கு அருகே போகவே கூடாது. இடி மின்னலின்போது அதைக் கழற்றிவிடுங்கள்.

நண்பனின் பெட்டியோடு ஒப்பிடுகிறீர்களா? சிற்றலை ஒலி வினாடிக்கு வினாடி ஏறி இறங்கும். ஒன்றை இப்போதும் மற்றதை ஐந்து நிமிடம் கழித்தும் கேட்டால் வானத்தைத்தான் ஒப்பிட்டதாகும். இரண்டிலும் ஒரே நிலையத்தை வைத்து, நண்பன் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யட்டும். நீங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு மதிப்பெண் போடுங்கள். பின்பு பெட்டிகளை இடம் மாற்றி வைத்து மறுபடியும் செய்யுங்கள். விலை கூடிய பெட்டி தோற்பதும் உண்டு.

மதிப்பெண்ணுக்கு உலகெங்கும் வழங்கும் ஒரு முறை இருக்கிறது. அலையின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண் தர வேண்டும். ஐந்துதான் மிகச் சிறப்பு. குறுக்கீடே இல்லை என்றால் அதற்கும் 5. ‘45343’ என்றால் வலிமை நன்று, குறுக்கீடு இல்லை, இரைச்சல் ஓரளவு, ஏற்ற இறக்கம் சிறிது, மொத்தத்தில் நடுத்தரம்.

டயல் பொய் சொல்கிறதா என்று அறிய 10,000 கிலோஹெர்ட்ஸில் தேடுங்கள். சீனாவின் பிபிஎம் என்ற நேர அறிவிப்பு நிலையம் அங்கே வினாடிக்கு ஒரு ‘டிக்’ ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கிறது. 29, 59 ஆகிய நிமிடங்களில் ஒரு பெண்குரல் சீன மொழியில் நிலையத்தின் பெயரைச் சொல்லும். அந்த இடத்தில் முள் 10-ல் நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் டயலைத் தொடாமல் விட்டு மறுபடி கேளுங்கள். ‘டிக்’ மங்கி, டயலை இலேசாகத் திருப்பியதும் மீண்டால் பெட்டி சூடேறச் சூடேற நழுவுகிறது என்று அறியலாம்.

7,000 முதல் 7,200 வரை வாத்துகள் பேசுவதுபோல் ஒலி கேட்டால் திகைக்க வேண்டாம். அவர்கள் அமெச்சூர் வானொலியர்கள். அவர்களைத் தெளிவாகக் கேட்க ஒற்றைப் பக்கப்பட்டை வசதி உள்ள பெட்டி வேண்டும். விலை சற்றுக் கூடும்.

வாங்கிய பெட்டியைச் சில வாரங்கள் தொடப்போவதில்லை என்றால் மின்கலங்களைக் கழற்றி வையுங்கள். கசிந்த மின்கலம் உள்ளிருக்கும் தகடுகளை அரித்துவிடும்.