கட்டளையும் பாதையும்

ஒரு பொருள் இல்லை என்பது ஒன்று. அது இருக்குமிடம் தேடுவோனுக்குத் தெரியவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவதால் விளையும் வீண் உழைப்புச் சிறிதன்று. கணினியில் நிரல் எழுதப் புகும் மாணவர்க்கு இம்மயக்கம் பெரும்பாலும் தொடக்க நாளிலேயே நேர்ந்துவிடுகிறது. செம்மையாக நிறுவப்பட்ட கருவி ஒன்றைப் பெயர் சொல்லி அழைத்தாலும், அப்படி ஒன்று இல்லை என்பதுபோல விண்டோஸ் விடையிறுக்கிறது. அதற்குக் காரணம் யாது, அதனைத் தீர்க்கும் முறை யாது, தீர்க்கப் புகுங்கால் காக்க வேண்டியவை யாவை என்பன அறியத் தக்கன.

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவை அடுத்து, மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியில் உள்ள ஊர் கட்டைபறிச்சான். அவ்வூரில், க.பொ.த. உயர்தரத்திற்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்த மாணவி ஒருத்தி இருப்பதாகக் கொள்ளலாம். அப்பாடத்திட்டத்தில் பைதான் என்னும் நிரல்மொழி இடம்பெறுகிறது. அவள் பைதானை இணையத்திலிருந்து இறக்கித் தன் கணினியில் நிறுவுகிறாள். நிறுவும் பணி நிறைவுற்றது என்று திரையும் கூறுகிறது. பின்னர், துணை நிரல்தொகுதிகளைக் கொணரும் கருவியாகிய 'பிப்' என்பதன் பெயரைக் கட்டளைச் சாளரத்தில் தட்டெழுதுகிறாள். உடனே, இச்சொல் அகக் கட்டளையாகவோ, புறக் கட்டளையாகவோ, இயக்கத்தக்க நிரலாகவோ அறியப்படவில்லை என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வரி தோன்றுகிறது.

இவ்வரியைக் கண்டவர் பலரும் செய்வது, நிறுவியதை அழித்துவிட்டு மீண்டும் இறக்கி நிறுவுவதே. கைப்பேசியின் இணைய இணைப்பைக் கொண்டே யாவற்றையும் செய்யும் வீட்டில், இவ்வாறு இருமுறை மும்முறை இறக்குவதற்குப் பணம் செலவாகிறது. முன்போலவே நிறுவினால் முன்போலவே அவ்வரி தோன்றுகிறது. அருகில் கேட்டறிய ஆளில்லாத மாணவர், கணினி பழுதென்றோ தமக்கு இப்பாடம் வாராதென்றோ முடிவு செய்துவிடுகின்றனர். இரண்டும் தவறான முடிவுகள். கருவி வட்டில் பத்திரமாக உள்ளது. அதைத் தேட வேண்டிய இடம் கணினிக்குச் சொல்லப்படவில்லை, குறை அவ்வளவே.

கட்டளைச் சாளரத்தில் ஒரு சொல் தட்டெழுதப்பட்டதும், அது தன்னுள்ளேயே அமைந்த கட்டளைகளுள் ஒன்றா என்று அச்சாளரம் முதலில் பார்க்கிறது. அன்றெனின், அப்போது தான் நிற்கும் கோப்புறையில் அப்பெயருடைய நிரல் உண்டா என்று நோக்குகிறது. அங்கும் இல்லையெனின், முன்னரே எழுதிவைக்கப்பட்ட கோப்புறைப் பட்டியல் ஒன்றை எடுத்து, அதில் கண்ட வரிசைப்படி ஒவ்வொரு கோப்புறையாகத் தேடிச் செல்கிறது. முதலில் அகப்படுவதை இயக்கிவிட்டுத் தேடலை நிறுத்துகிறது. பட்டியல் முடியும்வரை அகப்படாவிடில், 'அறியப்படவில்லை' என்கிறது. அப்பட்டியலுக்கே 'பாத்', அதாவது பாதை, என்று பெயர். பட்டியலில் இல்லாத கோப்புறையை அது எட்டியும் பாராது. வட்டில் இலட்சக்கணக்கான கோப்புகள் இருத்தலால், ஒவ்வொரு கட்டளைக்கும் அனைத்தையும் துருவுவதாயின் வேலை நடவாது.

இம்முறை புதியதன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பு 1979ஆம் ஆண்டு வெளிவந்தபோதே, பாத் என்னும் பெயருடைய பட்டியல் அதில் இருந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் டாஸ் இயங்குதளத்தின் முதற் பதிப்பில் கோப்புறைகளே இல்லை. ஆதலின் தேடும் வழியைச் சொல்லவேண்டிய தேவையும் இல்லை. 1983ஆம் ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் கோப்புறைக்குள் கோப்புறை அமைக்கும் வசதி வந்தது. அதனோடு பாத் கட்டளையும் வந்தது. பொருள்களைப் பல அறைகளில் பிரித்து வைத்தால், எந்தெந்த அறையில் தேடுவது என்று எழுதிவைத்தே ஆகவேண்டும் அன்றோ!

இனி, தீர்க்கும் முறை. முதற்கண் கருவி உள்ளதா என்று அறிதல் வேண்டும். பைதானின் வழக்கமான நிறுவியோடு 'பை' என்னும் தொடக்கிக் கருவியும் வருவதுண்டு. அப்பெயரைத் தட்டெழுதியதும் பைதான் இயங்குமாயின், நிறுவியது செம்மையே என்பது தெளிவு. மீண்டும் இறக்க வேண்டுவதில்லை. அடுத்து, அது எக்கோப்புறையில் உள்ளது என்று காணவேண்டும். ஒருவர் தமக்கென மட்டும் நிறுவிய பைதான், பெரும்பாலும் அவருடைய பயனர் கோப்புறைக்குள் 'ஆப்டேட்டா' என்பதனுள், 'லோக்கல்', 'புரோகிராம்ஸ்', 'பைதான்' என்று ஒன்றனுள் ஒன்றாக அமைந்த கோப்புறைகளில் இருக்கும். ஆப்டேட்டா மறைத்துவைக்கப்பட்ட கோப்புறை. மறைந்தவற்றையும் காட்டுமாறு அமைத்தாலன்றி அது கண்ணுக்குத் தென்படாது. தேடியும் காணவில்லை எனப் பலர் கூறுவதற்குக் காரணம் இதுவே. பைதான் தன் கோப்புறையிலேயே இருக்கும். பிப் அதனுள் உள்ள 'ஸ்கிரிப்ட்ஸ்' என்னும் கோப்புறையில் இருக்கும். ஆகவே பட்டியலில் சேர்க்க வேண்டிய இடங்கள் இரண்டு.

தொடக்கப் பட்டியின் தேடற் பெட்டியில் சூழல் மாறிகள் எனப் பொருள்படும் 'என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்' என்னும் தொடரைத் தட்டெழுதினால், அவற்றைத் திருத்தும் சாளரத்திற்கு வழி கிடைக்கும். அச்சாளரத்தில் இரு பகுதிகள் உண்டு. மேலே உள்ளது அப்பயனருக்கு மட்டும் உரியது. கீழே உள்ளது கணினி முழுமைக்கும் உரியது. மாணவர் மேற்பகுதியில் உள்ள பாத் என்பதையே தெரிந்து, 'எடிட்', 'நியூ' என்னும் பொத்தான்களை முறையே அழுத்தி, கோப்புறையின் முழு முகவரியையும் புதிய வரியாகச் சேர்த்தல் வேண்டும். சேர்க்க வேண்டியது கோப்புறையின் முகவரி. நிரலின் பெயர் அன்று.

இவ்வளவும் செய்த பின்னரும் பழைய வரியே தோன்றுகிறது என்று கூறுவோர் உளர். அவர்கள் முன்பே திறந்துவைத்த சாளரத்தில் சோதித்திருப்பர். சாளரம் திறக்கப்படும் நேரத்தில் பட்டியலின் படி ஒன்றைப் பெற்றுக்கொள்கிறது. பிற்பாடு செய்யும் திருத்தம் அப்படியைச் சென்று சேர்வதில்லை. கிழக்கிலங்கையில் 'பாதை' என்னும் சொல், ஆற்றையும் வாவியையும் கடக்க உதவும் மிதவைக்கும் பெயராக வழங்குவதை நேயர்கள் அறிவர். திருகோணமலையிலிருந்து மூதூர் செல்லும் நெடுஞ்சாலையில், கிண்ணியாவிடத்து 2009ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டது. அதற்குமுன் எழுதிய வழிக்குறிப்பைக் கையில் வைத்திருப்பவன் இன்றும் அங்கே மிதவையைத்தான் தேடுவான். பாலம் இல்லாமையால் அன்று. அவனுடைய குறிப்புப் பழையதாகையால். ஆதலின் பழைய சாளரத்தை மூடிப் புதிய சாளரத்தைத் திறந்து சோதித்தலே முறை.

பட்டியலின் வரிசையும் கருதத்தக்கது. கணினிக்குரிய பட்டியல் முன்னும் பயனருக்குரிய பட்டியல் பின்னுமாக இணைக்கப்படுகின்றன. முதலில் அகப்படுவதே இயங்கும் ஆதலால், ஒரே கருவியின் இரு பதிப்புகள் இருப்பின், முன்னிடம் பெற்றதே விடையளிக்கும். 2019ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 10 பதிப்பொன்றிலிருந்து, பைதான் நிறுவப்படாத கணினியில் 'பைதான்' எனத் தட்டெழுதினால் மைக்ரோசாப்டின் இணைய அங்காடி திறக்குமாறு ஒரு மாற்றுப்பெயர் அமைக்கப்பட்டுள்ளது. பைதானை நிறுவிய பின்னரும் அங்காடியே திறக்குமாயின், அம்மாற்றுப்பெயர் பட்டியலில் முன்னிடத்தில் இருக்கிறது என்றோ, பைதானின் கோப்புறை பட்டியலில் இல்லை என்றோ உணரலாம். கோப்புறையைச் சேர்த்து மேலே நகர்த்தியோ, அமைப்புகளில் அம்மாற்றுப்பெயரை நிறுத்தியோ இதனைச் சீராக்கலாம். எந்த இடத்திலிருந்து விடை வருகிறது என்று அறிய, எங்கே எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகிய 'வேர்' என்னும் கட்டளை உண்டு. அதனை அடுத்துக் கருவியின் பெயரை எழுதினால், பட்டியல் வழியாக அகப்படும் இடங்களை வரிசையாகக் காட்டும்.

நோயினும் மருந்து கொடியதாகும் இடமும் இங்கு உண்டு. பட்டியலில் ஒரு வரி இல்லாமை சிறு குறை; பட்டியலையே இழத்தல் பெருங்கேடு. 'செட்எக்ஸ்' என்னும் கட்டளையால் பாதையை மாற்றுமாறு சிலர் அறிவுரை கூறுவர். அக்கட்டளை 1024 எழுத்துகளுக்கு மேற்பட்டதை வெட்டிவிடும். பாதையோ பல மென்பொருள்களை நிறுவிய கணினியில் அவ்வெல்லையை எளிதில் கடந்துவிடும். வெட்டுண்ட பகுதியில் இருந்த கருவிகள் யாவும் ஒருங்கே 'அறியப்படாதவை' ஆகிவிடும். பாதையை வரிவரியாகக் காட்டும் பெட்டி விண்டோஸ் 10இல்தான் வந்தது. அதற்கு முற்பட்ட கணினிகளில் பட்டியல் முழுவதும் ஒரே வரியாக, அரைப்புள்ளிகளால் பிரிக்கப்பட்டிருக்கும். திறந்தவுடன் அவ்வரி முழுதும் தெரிந்தெடுக்கப்பட்ட நிலையில் இருத்தலால், கவனமின்றி ஓர் எழுத்தைத் தட்டினாலும் முன்னிருந்தவை அழியும். கணினிக்குரிய பட்டியலிலிருந்து சிஸ்டம்32 என்னும் கோப்புறை போய்விடின், இணைப்பைச் சோதிக்கும் 'பிங்' போன்ற கருவிகளும் அழைப்பிற்கு வாரா. எனவே, எதையும் தொடுமுன் கட்டளைச் சாளரத்தில் 'பாத்' என்று மட்டும் தட்டெழுதி, தோன்றும் பட்டியலைப் படியெடுத்து ஒரு கோப்பில் காத்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

பட்டியலில் பழைய இடங்கள் தங்கிவிடுதலும் உண்டு. 2006ஆம் ஆண்டுப் போரில் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தோர், பின்னர்க் கட்டைபறிச்சான் முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். ஏடுகளில் சம்பூர் முகவரி இருந்தது, ஆட்கள் அங்கில்லை. முகவரி எழுதப்பட்டிருத்தலால் மட்டும் ஆள் அவ்விடத்து இருப்பார் என்று கொள்ள இயலாது என்பதை அவ்வட்டாரத்து மக்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. மென்பொருள் நீக்கப்பட்ட பின்னும் அதன் கோப்புறைப் பெயர் சிலபோது பாதையில் எஞ்சி நிற்கும். புதிய பதிப்பு வேறு கோப்புறையில் அமையும். பெயர் பட்டியலில் உண்டே என்று அமையாது, அவ்விடத்தில் கருவி உண்டா என்று சென்று காண வேண்டும்.

பதிவிறக்கங்கள் வந்துசேரும் கோப்புறையைப் பாதையில் சேர்த்தலும் ஆகாது. நற்கருவி ஒன்றின் பெயரைத் தாங்கிய தீய நிரல் அங்கு வந்து தங்குமாயின், அதுவே இயங்கிவிடக் கூடும். 2006ஆம் ஆண்டு வெளியான பவர்ஷெல், தான் நிற்கும் கோப்புறையிலுள்ள நிரலை வெறும் பெயரளவில் இயக்க மறுப்பதும் இவ்வச்சம் பற்றியே.

இத்தனை இடரையும் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தவிர்க்க ஒரு வழி உண்டு. பைதானின் வழக்கமான நிறுவி திறந்ததும், அதன் முதற் பக்கத்தின் அடியில், பாதையில் சேர்க்கவா என்று வினவும் சிறு கட்டம் ஒன்று உளது. அது குறியிடப்படாமலே இருக்கும். அதில் குறியிட்டுவிட்டு நிறுவினால், மேலே கூறிய இரு கோப்புறைகளும் தாமே பட்டியலில் சேரும். இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், நிரலின் முதல் வரியை எழுதுவிக்குமுன் அக்கட்டத்தையும், 'அறியப்படவில்லை' என்னும் அவ்வரியின் பொருளையும் மாணவர்க்குக் காட்டிவிடுதல் நன்று. அவ்வரி தேடிய இடங்களைப் பற்றியது; தேடியவரின் திறமையைப் பற்றியது அன்று. இதனை முதல் நாளிலேயே அறிந்த மாணவர், கருவியை அழித்து மீண்டும் இறக்க முனையமாட்டார். பட்டியலைத் திறந்து பார்ப்பார்.